ராஜினாமா கடிதம் டிராஃப்டில் இருக்கிறது, அனுப்பட்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று நாலு பக்கம் நீளம். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 39. மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் இருக்கும் கருவிகளைப் பழுது பார்த்துத் தரும் நிறுவனத்தில் 14 வருடமாக வேலை செய்கிறார். சென்ட்ரிஃபியூஜ் (ரத்த மாதிரியை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி), மைக்ரோஸ்கோப், ரத்த அனலைசர், எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டத் தெரியும். போன வருடத்திலிருந்து அந்த நிறுவனம் 10 வருடத்துக்கு மேல் பழசான கருவிகளை எடுப்பதில்லை, 'புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுகிறது. சின்ன லேப்கள் தவிக்கின்றன. இந்த வேலையைத் தனியாக எடுத்துச் செய்தால் என்ன என்பது இவருடைய எண்ணம். மூன்று லேப் மேலாளர்கள் 'நீங்க வெளியே வந்தா எங்க வேலை எல்லாம் உங்களுக்குத்தான்' என்று சொல்லியிருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் நண்பர் பாதிக்குப் பாதி பங்குக்கு வரத் தயார். கையில் ஏழு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது, மேற்கொண்டு தேவைப்பட்டால் வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறார். தன் சம்பளத்தை நாள் கணக்கில் வகுத்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கூலி வைத்தாலே லாபம்தான் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார். மனைவியும் வேலைக்குப் போகிறார், அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கடைசிப் பகுதியை மட்டும் அவர் எழுதியபடியே தருகிறேன்: "ராஜினாமா கடிதம் எழுதி டிராஃப்டில் வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் திறந்து படிக்கிறேன், அனுப்பாமல் மூடுகிறேன். திரும்பி வர வழி வைக்காமல் குதிக்கிறவன்தான் ஜெயிப்பான் என்கிறார்கள் வீடியோக்களில். பத்தில் ஒன்பது தொழில் முதல் வருடமே மூடிவிடும் என்கிறார்கள். நாற்பதையும் நெருங்கிவிட்டேன். தொழில்முனைவோருக்கான மனநிலையே எனக்கு இல்லையோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

வேண்டாம். இப்போது வேண்டாம்.

கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன், ஆனால் இதை 'தொழிலே வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் யோசனை நல்ல யோசனை. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் 'ஏதாவது தொழில் செய்யணும், என்ன செய்யலாம்' என்றுதான் ஆரம்பிக்கும். உங்களுக்கோ யாருக்கு என்ன கஷ்டம், அதைத் தீர்க்க என்ன தெரிய வேண்டும், அது தன்னிடம் இருக்கிறதா என்ற மூன்றுமே தெரிந்திருக்கிறது. கணக்குத் தணிக்கையில் ஆரம்பித்து, பிறகு தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதையே முழுநேர வேலையாகச் செய்துவருகிறேன். என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் இவ்வளவு தெளிவோடு வந்தவர்கள் குறைவு.

உங்களை நீங்களே பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டிவிட்டதுதான் எனக்கு வருத்தம். ஒரு அனலைசர் வழக்கமில்லாத சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள்? 'தைரியமா ஓடட்டும்' என்று விட்டுவிடுவீர்களா? நிறுத்தி, மூடியைத் திறந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பீர்கள். ஞாயிறு ராத்திரி அனுப்பாமல் மூடுகிறீர்களே, அதுவும் அந்தப் பழக்கம்தான். ஏதோ சத்தம் கேட்கிறது, எங்கிருந்து என்றுதான் இன்னும் பார்க்கவில்லை. வாருங்கள், பார்க்கலாம்.

வீடியோவில் சொல்வது பற்றி

ஜெயித்தவர்தான் கேமரா முன்னால் உட்கார்ந்து 'நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குதித்தேன்' என்று சொல்ல முடியும். அதே மாதிரி குதித்து மூழ்கியவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஆகவே குதித்ததால் ஜெயித்தாரா, குதித்தும் ஜெயித்தாரா என்பது அந்த வீடியோவிலிருந்து தெரியவே தெரியாது.

நைக்கி நிறுவனத்தின் ஃபில் நைட் 1964இல் தொழிலை ஆரம்பித்தார். அப்போது நிறுவனத்தின் பெயர் வேறு. 1969 வரை, ஐந்து வருடம், கணக்காளராகவும் பிறகு கல்லூரி ஆசிரியராகவும் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டேதான் ஷூ விற்றார். இது ஒரு தனி மனிதரின் கதை என்றால், 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். ஜோசஃப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களின் பல வருடத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். வேலையில் இருந்தபடியே தொழிலைத் தொடங்கி, ஓடுகிறது என்று தெரிந்த பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தொழிலை மூட நேர்ந்த வாய்ப்பு, ஒரேயடியாக வேலையை விட்டவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது செய்த தவறைத் திருத்த அவகாசம் கிடைக்கிறது, சரிவராது என்று பட்டால் பெரிய சேதமில்லாமல் விலகிவிடவும் முடிகிறது.

'பத்தில் ஒன்பது முதல் வருடமே மூடிவிடும்' என்பதும் சரியில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை வருடா வருடம் வெளியிடும் கணக்கில், புதிதாகத் தொடங்கியவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்துக்குள் மூடுகிறது, ஐந்து வருடம் தாண்டுவது சுமார் பாதி. மூடியது எல்லாம் திவாலும் இல்லை. விற்றுவிட்டுப் போனவர், வேறு வேலை கிடைத்துப் போனவர், போதும் என்று நிறுத்தியவர் எல்லாரும் அதில் உண்டு. பாதி என்பது பயப்பட வேண்டிய அளவுதான், ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவு இல்லை.

வயது? அதை விடுங்கள். மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களில், அதாவது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு வளர்ந்தவற்றில், அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவை வைத்துச் செய்தது. தொடங்கும் தொழிலின் துறையிலேயே முன் அனுபவம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல் என்றும் அதில் வருகிறது. உங்களுக்கு 14 வருடம் இருக்கிறது.

வாய்வார்த்தையும் ஆர்டரும்

சத்தம் வரும் முதல் இடம் இது. மூன்று மேலாளர்கள் சொன்னது அன்பால் சொன்னது, பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூவரில் பணம் கொடுக்கக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? மூன்று லேப்களிலும் சேர்த்து 10 வருடத்துக்கு மேலான கருவிகள் எத்தனை? போன வருடம் அவை எத்தனை முறை நின்றன? நின்றபோது என்ன செய்தார்கள், வேறு யாரையாவது கூப்பிட்டார்களா, புதுசு வாங்கினார்களா, பக்கத்து லேபுக்கு மாதிரிகளை அனுப்பிச் சமாளித்தார்களா? நாலு பக்கக் கடிதத்தில் இந்த எண்கள் ஒன்றுகூட இல்லை. 'எங்க வேலை எல்லாம்' என்பது வருடத்துக்கு 40 அழைப்பாகவும் இருக்கலாம், 4 அழைப்பாகவும் இருக்கலாம். நாலு அழைப்பு என்றால் அது பகுதிநேர வேலைதான், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

உங்கள் நிறுவனம் பழைய கருவிகளை ஏன் விட்டது என்று விசாரித்தீர்களா? லாபம் குறைவு என்பதால் விட்டிருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது, உங்கள் செலவு அவர்களைவிடக் குறைவு. தயாரிப்பாளர் ஸ்பேர் கொடுப்பதை நிறுத்தியதால் விட்டிருந்தால், அதே சுவரில் நீங்களும் முட்டிக்கொள்வீர்கள். சில அனலைசர்களில் சர்வீஸ் மெனுவுக்குள் போகவே தயாரிப்பாளர் தரும் பாஸ்வேர்ட் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். இன்று அது நிறுவனத்தின் பெயரில் கிடைக்கிறது, நாளைக்கு உங்களுக்குக் கிடைக்குமா? கருவி வாரியாக ஒரு பட்டியல் போட்டு, எதற்கு ஸ்பேர் வெளியே கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று எழுதுங்கள். தொழிலின் எல்லை அந்தத் தாளில் தெரிந்துவிடும். சென்ட்ரிஃபியூஜும் மைக்ரோஸ்கோப்பும் மட்டும் என்று சுருங்கினாலும் பரவாயில்லை, எல்லாக் கருவியும் பார்ப்போம் என்று அகலக்கால் வைப்பதைவிட அது மேல்.

வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

'ஆபீஸ் நேரத்துக்கு வெளியே நான் என்ன செய்தாலும் என் இஷ்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஒப்பந்தங்களில் அப்படி இல்லை. மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: வேலையில் இருக்கும்போது வேறு வருமானத் தொழில் செய்யத் தடை, வேலையை விட்ட பிறகு குறிப்பிட்ட காலம் போட்டித் தொழில் செய்யத் தடை, நிறுவனத்தின் வாடிக்கையாளர்களையும் ஊழியர்களையும் அழைத்துப் போகத் தடை. போட்டித் தடை எந்த அளவுக்குச் செல்லும் என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் ஊழியர் மேல் அது செல்லவே செல்லாது, வேறு சில இடங்களில் காலமும் எல்லையும் நியாயமாக இருந்தால் செல்லும். ஆனால் வேலையில் இருந்துகொண்டே முதலாளியின் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பதை எந்த ஊர்ச் சட்டமும் லேசாக எடுத்துக்கொள்ளாது. அந்த மூன்று லேப்களும் இன்றைக்கு உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் என்பதையும், வரத் தயார் என்று சொல்லும் நண்பர் அதே நிறுவனத்தின் ஊழியர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் பட்டியல், சர்வீஸ் மேனுவல், விலைப்பட்டியல் எதையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு, ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலை ஒருமுறை பாருங்கள். அந்தக் கட்டணத்தை இந்தத் தொழிலின் முதல் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது, கவனித்தீர்களா? நிறுவனமே வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை இது. நேராகப் போய், 'நாம் எடுக்காத பழைய கருவிகளை விடுமுறை நாளில் நான் தனியாகப் பார்த்துக்கொள்ளலாமா' என்று எழுத்தில் கேட்கலாம். முடியாது என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் இல்லாவிட்டால் லேபுக்கு 'முடியாது' என்றுதானே சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் சரி என்றும் சொல்லலாம். கேட்டதாலேயே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உங்கள் மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும். சம்பளமில்லாத விடுப்பு, வாரத்தில் நாலு நாள் வேலை என்று வேறு வாசல்களும் இருக்கின்றன.

இன்னொன்று. இன்று உங்கள் கையால் நடக்கும் தவறுக்கு நிறுவனம் பதில் சொல்கிறது. நாளைக்கு நீங்கள்தான். பழைய சென்ட்ரிஃபியூஜின் ரோட்டரில், அதாவது சுழலும் பாகத்தில், மயிரிழை விரிசல் இருந்து, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும்போது அது உடைந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனலைசர் தப்பான அளவு காட்டினால் யாரோ ஒரு நோயாளிக்குத் தப்பான மருந்து போகும். அதனால் தொழில்பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் முதல் ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். நீங்கள் சோதிக்கப் பயன்படுத்தும் அளவுக் கருவிகளுக்கும் காலிபிரேஷன் சான்று, அதாவது அவை சரியாக அளக்கின்றன என்ற சான்று, வேண்டும்.

ஏழு மாதம் என்பது ஏழு மாதம் இல்லை

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

உங்கள் கூலிக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வருடத்துக்கு 260 நாள், அந்த 260 நாளுக்கும் நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது, நீங்கள் லீவில் இருந்த நாள் உட்பட. தனியாக வந்த பிறகு விடுமுறை, காய்ச்சல், வீட்டு வேலை என்று ஒரு 30 நாளைக் கழியுங்கள், 230. அதில் பாதி நாள் போக வர, கொட்டேஷன் எழுத, ஸ்பேர் தேட, பில் போட, பாக்கி கேட்க, வரிக் கணக்குப் பார்க்கப் போய்விடும். முதல் வருடத்தில் பாதி என்பதே தாராளம். மிஞ்சுவது 115 நாள். 260 நாளில் வந்த அதே வருமானம் 115 நாளில் வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி உங்கள் இன்றைய நாள் சம்பளத்தைப் போல இரண்டேகால் மடங்கு இருக்க வேண்டும். இதில் கருவிகள், காப்பீடு, போக்குவரத்து, வரி, 'சார் போன வாரம் பார்த்தது திரும்ப நின்னுடுச்சு' என்று இலவசமாகப் போக வேண்டிய அழைப்பு எதுவும் சேரவில்லை. சேர்த்தால் மூன்று மடங்கை நெருங்கும். 'கொஞ்சம் கூடுதல்' கூலிக்கு வேலை செய்தால் வேலை அதிகமாக அதிகமாக நஷ்டமும் அதிகமாகும். அப்புறம் இரண்டு வருடம் கழித்து விலையை மூன்று மடங்காக்கினால் எந்த வாடிக்கையாளரும் நிற்க மாட்டார்.

அடுத்தது பணம் வரும் வேகம். என்னிடம் ஒருவர் வந்தார், குளிர்சாதனக் கருவி சர்வீஸ் செய்கிறவர், வேலை சுத்தம், வாடிக்கையாளர்கள் எல்லாரும் பெரிய இடங்கள். மாதத்தின் கடைசி நாள் அது. மடியில் ஒரு நீல ஃபைல். அதில் வர வேண்டிய பில்கள் எல்லாம் தேதி வாரியாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் யாரிடம் எப்போது பேசினார் என்று பென்சிலில் குறிப்பு. கூட்டிப் பார்த்தால் அவருடைய பழைய வேலையின் ஒன்றரை வருடச் சம்பளம். அன்று சாயங்காலம் தன்னிடம் வேலை செய்யும் இரண்டு பேருக்குச் சம்பளம் போட அவரிடம் பணம் இல்லை. புத்தகத்தில் லாபம், பையில் ஒன்றுமில்லை. தன் விலை உயர்ந்த அளவுக் கருவி ஒன்றை விற்றுச் சம்பளம் போட்டார், பிறகு ஒரு வேலைக்காக அதே மாதிரிக் கருவியை வாடகைக்கு எடுத்தார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. 60 நாள் தவணை என்று கையெழுத்துப் போடும்போது அந்த 60 நாளும் யாருடைய பணத்தில் ஓடும் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கும் அதுதான். முதல் மாதம் வேலை செய்கிறீர்கள், மாதக் கடைசியில் பில், 60 நாள் தவணை, அதற்கு மேல் 'அக்கவுண்ட்ஸ்ல இருக்கு சார்' என்று இரண்டு மூன்று வாரம். முதல் பணம் நாலாவது மாதம்தான் வருகிறது. இடையில் ஸ்பேருக்குக் கைக்காசு போட்டிருப்பீர்கள். ஏழு மாதக் கையிருப்பில் நாலு மாதம் பணத்துக்குக் காத்திருந்தே கரைந்துவிடும். தொழில் ஓடுமா ஓடாதா என்று பார்க்க உங்களிடம் உண்மையில் இருப்பது மூன்று மாதம். இதைக் குறைக்க வழி இருக்கிறது: கருவியைப் பார்க்க வருவதற்கான கட்டணம் அன்றைக்கே, ஸ்பேருக்கு முழு அட்வான்ஸ் அல்லது லேபே நேரடியாக வாங்கிக்கொடுப்பது, கூலிக்கு மட்டும் 15 நாள். முதல் வாடிக்கையாளரிடமே இப்படி ஆரம்பித்தால்தான் நடக்கும். கேட்கக் கூச்சமாக இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

வீடும் நண்பரும்

கம்பெனி பதிவு செய்துவிட்டால் கடன் கம்பெனிக்குத்தான், எனக்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம் என்றால் பொதுவாக அது சரி. ஆனால் புதிதாகத் தொடங்கிய சிறு நிறுவனத்துக்கு வங்கிகள் பெரும்பாலும் சும்மா கடன் கொடுப்பதில்லை, உங்களிடம் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்து கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்ட நிமிடமே அந்தப் பாதுகாப்புச் சுவர் அந்தக் கடனுக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. வீட்டை அடமானம் வைத்தால் சொல்லவே வேண்டாம். வாடிக்கையாளர் எத்தனை பேர் என்றே தெரியாத நிலையில் குடியிருக்கும் வீட்டை வைப்பது முதலுக்கே மோசம். நான் இதற்கு ஒருபோதும் சரி சொல்ல மாட்டேன், வேறு எதில் வேண்டுமானாலும் என்னோடு வாதாடுங்கள்.

நண்பர் விஷயத்தில் பாதிக்குப் பாதி என்பது பெருந்தன்மையாகத் தெரிகிறது. நீங்கள் இருவரும் ஒத்துப்போகாத அன்றைக்கு யார் முடிவெடுப்பது? அவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டால் பாதி நிறுவனம் அவரிடமே இருக்குமா? புதுத் தொழில்களில் பரவலாக இருக்கும் ஒரு வழக்கம், பங்கை ஒரே நாளில் கொடுக்காமல் நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரவிடுவது, முதல் ஒரு வருடம் முடியும் முன் விலகினால் எதுவும் இல்லை என்று வைப்பது. இதை நண்பரிடம் பேசும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நல்ல நண்பர் என்றால் 'எனக்கும் அதேதான் உனக்கும்' என்று எழுதச் சொல்வார். இன்னொரு கேள்வியும் உண்டு, உங்களைப் போலவே அவரும் கருவி பார்க்கிறவர். விற்கவும் வசூலிக்கவும் யார்?

மனநிலை என்று கேட்டீர்களே

2001இல் சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், அனுபவப்பட்ட தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். எவ்வளவு லாபம் வரும் என்ற ஊகத்திலிருந்து அவர்கள் ஆரம்பிப்பதில்லை, எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. என் அனுபவமும் அப்படியே. நீண்ட நாள் நிலைத்து நின்ற என் வாடிக்கையாளர்களில் சூதாட்ட மனம் உள்ளவர்கள் எனக்கு நினைவுக்கு வரவில்லை. போனால் இவ்வளவுதான் போகும் என்று ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்கு உள்ளே துணிந்து இறங்கியவர்கள் அவர்கள்.

உங்களிடம் மாற வேண்டியது வேறு ஒன்று. 14 வருடமாக ஒரு கருவி ஓடாவிட்டால் காரணம் கருவிக்குள் இருந்தது. இனிமேல் நீங்கள் மிக நன்றாகப் பழுது பார்த்தும் பணம் வராது, நியாயமான விலை சொல்லியும் 'பார்க்கலாம்' என்பார்கள், அதற்குக் காரணம் உங்கள் கைத்திறமையில் இருக்காது. நான் தனியாக அலுவலகம் போட்ட புதிதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை போன் அடிக்கவே இல்லை. எடுத்து வைத்துப் பார்த்தேன், லைன் வேலை செய்தது. அந்த மௌனத்தை 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று மொழிபெயர்த்துக்கொள்ளாமல் இருக்கப் பழகுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பக்கத்து மேஜையில் திரும்பி 'இது சரியா பாரு' என்று கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். இப்போதே உங்கள் துறையில் தனியாகத் தொழில் செய்யும் இரண்டு பேரைத் தேடிப் பழகிக்கொள்ளுங்கள், போட்டியாளர்தான் என்றாலும் பரவாயில்லை.

வீட்டில் எப்போது சொல்வது

இன்றைக்கு. கடிதம் அனுப்பிய பிறகு 'சர்ப்ரைஸாக' சொல்லலாம் என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புதுவகை வேக்வம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்தார் என்று விடாமுயற்சிக்கு உதாரணமாக எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். அந்த வருடங்களில் அவர் மனைவி ஓவிய ஆசிரியராகச் சம்பாதித்தது குடும்பத்தைத் தாங்கியது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் மனைவியின் சம்பளம்தான் உங்கள் தொழிலின் முதல் முதலீடு. முதலீட்டாளரிடம் கேட்காமல் பணத்தை எடுக்கலாமா? அவர் 'வேண்டாம்' என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் நான் பார்க்கத் தவறிய சத்தமாகக்கூட இருக்கலாம். இருவரும் உட்கார்ந்து எழுத வேண்டியது இரண்டு விஷயம்: எத்தனை மாதச் செலவு வரை போனால் நிறுத்துவது, எந்தத் தேதி வரை பார்ப்பது. இதை உற்சாகம் பொங்கும்போது எழுதிவிட வேண்டும், கஷ்டம் வந்த பிறகு 'இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம்' என்றுதான் மனசு சொல்லும்.

கடிதம் டிராஃப்டிலேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம். வக்கீலைப் பார்த்து, நிறுவனத்திடம் அனுமதியும் வாங்கிய பிறகு, உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத ஏதாவது ஒரு சின்ன லேபில் ஒரே ஒரு பழைய சென்ட்ரிஃபியூஜை விடுமுறை நாளில் எடுத்துச் செய்யுங்கள், நான் சொன்ன மூன்று மடங்குக் கூலிக்கு. அனுமதி கிடைக்கவில்லையென்றால் கருவிப் பட்டியலையும் ஸ்பேர் விசாரணையையும் மட்டும் முடித்துவிட்டு எழுதுங்கள், அடுத்த வழியைச் சேர்ந்து யோசிக்கலாம். வேலை முடிந்ததும் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆனது, பில் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று மூன்றையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். அப்படி ஐந்து வேலை சேர்ந்த பிறகு அந்த டிராஃப்டை மறுபடி திறந்து பார்க்கலாம்.